பிராமுக்கு யாரைக் கூட்டிட்டு வரலாம்னு மதப் பள்ளி சொல்ல முடியுமா?

போன மே மாசம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனப்போ டைனிங் டேபிள் மேல ஒரு ஃபார்ம் கிடந்துச்சு. அக்கா மக டொரோன்டோவுக்குக் கிழக்கால ஒரு கத்தோலிக்க ஹைஸ்கூல்ல பன்னெண்டாவது படிக்கிறா (நாங்க முருகன் கோவில் கோஷ்டி, அப்புறம் எப்படி கத்தோலிக்க ஸ்கூல்னு கேக்குறீங்களா, அதுக்கு வரேன்). பிராமுக்கு வேற ஸ்கூல் ஆளைக் கூட்டிட்டு வரணும்னா நிரப்பிக் கொடுக்க வேண்டிய ஃபார்ம் அது. வர்றவங்க பேரு, வயசு, படிக்கிற ஸ்கூல், அந்த ஸ்கூல் வைஸ் பிரின்சிபல் கையெழுத்து, போட்டோ ஐடி ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அப்ளிகேஷன் தோத்துடும்.

பிராம்னா பன்னெண்டாவது முடிக்கிறவங்களுக்கு வைக்கிற டான்ஸ் பார்ட்டி. நம்ம ஊர் ஃபேர்வெல் டேவுக்கு பொண்ணுங்க அம்மா பட்டுப்புடவைய எடுத்துக் கட்டிட்டுப் போவாங்கல்ல, அதே பரபரப்பு, ஆனா பேங்க்வெட் ஹால், லிமோ, டக்ஸ் (ஆம்பளைங்க போடுற விசேஷ கோட்டு சூட்டு), முக்கியமா ஜோடியா போறதுனு பல மடங்கு செலவு. நான் சும்மா இருக்காம, "ஏம்மா, உங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு இன்னொரு பொண்ண டேட்டுனு, அதாவது ஜோடியா, கூட்டிட்டு வந்தா விடுவாங்களா?"னு கேட்டேன். அவ போன்ல இருந்து தலையத் தூக்காமலே, "ஃபார்ம்ல டேட்டுனு எங்க மாமா இருக்கு, கெஸ்டுனு தான போட்டிருக்கு"ன்னா.

அந்த ஃபார்ம்ல அந்த வார்த்தைய யார் எதுக்கு அப்படிப் போட்டாங்களோ, ஆனா அதே ஏரியாவுல 2002ல ஒரு பையன் இதே கேள்விய வச்சு கோர்ட்டுக்கே போனான். மதப் பள்ளிங்க தன்பாலின ஜோடிய டான்ஸுக்கு வராதேனு தடுக்கலாமானு எங்க பேச்சு வந்தாலும் அந்தக் கேஸ் பேரு தான் முதல்ல வரும், பெரும்பாலும் தப்பாவும் சொல்லப்படும்.

ஓஷாவா, ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரியால வளந்த ஊரு. அங்க மான்சீன்யர் ஜான் பெரேமா கத்தோலிக்க ஸ்கூல்ல படிச்ச மார்க் ஹால்னு 17 வயசுப் பையன், பிராமுக்கு என் பாய்ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வரலாமானு கேக்குறான். பிரின்சிபல் மைக் பவர்ஸ் முடியாதுன்னுட்டார். நீ தனியா வா, தடையில்ல, ஜோடியா வந்தா அது சர்ச்சோட போதனைக்கு எதிரான ஒரு உறவை ஸ்கூலே ஏத்துக்கிட்ட மாதிரி ஆகிடும், இதான் அவங்க வாதம். விஷயம் டர்ஹம் கத்தோலிக்க ஸ்கூல் போர்டு வரைக்கும் போச்சு, ஏப்ரல்ல ட்ரஸ்டிங்க (போர்டு உறுப்பினர்கள்) பையன் தரப்பையும் கேட்டாங்க, கேட்டுட்டு பிரின்சிபல் பக்கமே நின்னுட்டாங்க. பிராம் தேதி மே 10. பையனுக்குப் பதினெட்டு ஆகாததால அவன் பேர்ல காப்பாளர் ஒருத்தர் மூலமா கேஸ் போட்டாங்க, அதனால தான் கேஸோட முழுப்பேர்லயே காப்பாளர்ங்கற வார்த்தை வரும், சுருக்கமா சொன்னா ஹால் எதிர் பவர்ஸ்.

இந்த இடத்துல நிறைய பேருக்கு வர்ற முதல் கேள்வி, அது மதப் பள்ளி தான, பிடிக்கலைனா வேற ஸ்கூலுக்குப் போக வேண்டியது தானே? டொரோன்டோ, ஓஷாவா எல்லாம் இருக்குற ஒன்டாரியோ மாகாணத்துல அது அவ்வளவு சுலபமான பதில் இல்ல. ஏன்னா இங்க கத்தோலிக்க ஸ்கூல் பிரைவேட் ஸ்கூலே கிடையாது. 1867ல கனடாவை ஒரு நாடா சேத்து வச்சப்போ ஒன்டாரியோல கத்தோலிக்கர்கள் சிறுபான்மை, கியூபெக்ல புராட்டஸ்டன்ட்கள் சிறுபான்மை, ரெண்டு பக்கமும் "எங்க ஸ்கூலைத் தொடாதே"னு பேரம் பேசித் தான் உள்ள வந்தாங்க. அந்தப் பேரம் தான் அரசியல் சட்டத்துல 93வது பிரிவு. அதனால இன்னைக்கும் கத்தோலிக்க போர்டுகளுக்கு மாகாண அரசு பப்ளிக் ஸ்கூலுக்குக் கொடுக்குற மாதிரியே பணம் கொடுக்குது, ட்ரஸ்டிங்களை எலக்ஷன்ல ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க, வீட்டு வரி பேப்பர்லயே உங்க ஆதரவு எந்த ஸ்கூல் அமைப்புக்குனு ஒரு விவரம் இருக்கும். ஹைஸ்கூல் கடைசி வகுப்பு வரைக்கும் முழு ஃபண்டிங் வந்தது மட்டும் ரொம்பப் பின்னாடி, 1984ல பிரீமியர் (மாகாண முதல்வர்) பில் டேவிஸ் திடீர்னு அறிவிச்சார், 1987ல சுப்ரீம் கோர்ட் அது செல்லும்னு சொல்லிடுச்சு. அந்த ஏற்பாட்டோட ஒரு பக்கம் தான் ஹைஸ்கூல்ல கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைங்களையும் சேத்துக்கணும்ங்கறது. ஸ்கார்பரோல இருந்து ஏஜாக்ஸ் வரைக்கும் நம்ம தமிழ்ப் பிள்ளைங்க, இந்துக்களும் சேத்து, கத்தோலிக்க ஹைஸ்கூல் யூனிஃபார்ம்ல பஸ் ஸ்டாப்புல நிக்கிறதுக்கு இதான் காரணம். அக்கா மக அங்க படிக்கிறதும் இப்படித் தான்.

(மத்த மதத்துக்காரங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. டொரோன்டோல ஒரு யூத அப்பா பிள்ளைங்க ஃபீஸ் கட்டிக் கட்டி வெறுத்துப் போய் ஐ.நா. மனித உரிமைக் குழு வரைக்கும் போனார், 1999ல அவங்களும் இது பாகுபாடு தான்னு சொன்னாங்க, ஒன்டாரியோ அசையல. 2007 எலக்ஷன்ல எல்லா மதப் பள்ளிக்கும் பணம் தரேன்னு எதிர்க்கட்சித் தலைவர் ஜான் டோரி வாக்குறுதி கொடுத்துத் தோத்தார். அதுக்கப்புறம் எந்தப் பெரிய கட்சிக்கும் அதைத் தொட்டுப் பாக்க தைரியம் வரல.)

ஆக, ஸ்கூல் போர்டு அரசோட ஒரு கை. அரசுனு ஆகிட்டா 1982ல வந்த உரிமைச் சாசனம் அதைக் கட்டுப்படுத்தும், அதுல 15வது பிரிவு சமத்துவம். பாலின ஈர்ப்புங்கற வார்த்தை அதுல எழுதலைனாலும் அதுவும் உள்ள அடங்கும்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே சொல்லிடுச்சு. 1998ல இன்னும் ஒரு படி மேல போனாங்க: டெல்வின் வ்ரீன்ட்னு எட்மன்டன்ல ஒரு கிறிஸ்தவ கல்லூரி ஊழியர், தன்பாலின ஈர்ப்பாளர்ங்கறதுக்காக வேலைய விட்டுத் தூக்கப்பட்டவர், ஆல்பர்ட்டா மனித உரிமைச் சட்டத்துல அவருக்கு இடமே இல்லைன்னதும் சுப்ரீம் கோர்ட்டே அந்த வார்த்தைய சட்டத்துக்குள்ள வாசிச்சு சேத்துடுச்சு. மார்க் ஹால் தரப்புக்கு இந்த அடித்தளம் தயாரா இருந்துச்சு.

ஆனா போர்டு கையிலயும் சீட்டு இருந்துச்சு, லேசான சீட்டும் இல்ல. அதே உரிமைச் சாசனத்துல 29வது பிரிவுல, மதப் பள்ளிகளுக்கு அரசியல் சட்டம் கொடுத்த உரிமைகளை இந்தச் சாசனம் குறைக்காதுனு கருப்பு வெள்ளைல எழுதியிருக்கு. 1984லயே ஒரு கத்தோலிக்க ஸ்கூல், விவாகரத்து ஆனவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட டீச்சரை வேலைக்கு வேண்டாம்னு அனுப்பினதை சுப்ரீம் கோர்ட் சரின்னு சொல்லியிருக்கு. டீச்சர் விஷயத்துல அப்படின்னா மாணவன் விஷயத்துல ஏன் கூடாதுன்னு போர்டு கேட்டது நியாயமான கேள்வி தான், நான் எந்தப் பக்கம்னு இதுக்குள்ள உங்களுக்குப் புரிஞ்சிருந்தாலும்.

வேதபாட விளக்கத்தை எடுத்தா அது ரெண்டு பேருக்கும் கை கொடுக்குது, அது தான் வேடிக்கை. 1992ல வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல்ல 2357வது பத்தி தன்பாலின உறவுச் செயல்களை ஏத்துக்கவே முடியாதுங்குது, அடுத்த பத்தியே இப்படிப்பட்டவங்களை மரியாதையோடவும் இரக்கத்தோடவும் ஏத்துக்கணும், அநியாயமான பாகுபாட்டோட எந்தச் சாயலும் கூடாதுங்குது. போர்டு முதல் பத்தியத் தூக்கிப் பிடிக்க, மத்தவங்க ரெண்டாவதைத் தூக்கிப் பிடிக்க, கத்தோலிக்க மக்களுக்குள்ளயே இதுல பல கருத்து இருக்குனு நீதிபதியும் பதிவு பண்ணார்.

நீதிபதி ராபர்ட் மெக்கின்னன். தீர்ப்பு வந்தது மே 10, பிராம் அன்னைக்கே, வெள்ளிக்கிழமை. இந்தத் தீர்ப்புல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் தத்துவம் பேசுற இடம் இல்ல, பிராம்னா என்னனு அவர் பாத்த இடம். இது திருப்பலி மாதிரி வழிபாடு இல்ல, மதக் கல்விப் பாடத்துல ஒரு பகுதி இல்ல, ஸ்கூல் கட்டடத்துல நடக்கல, இதுல படிப்புன்னும் ஒண்ணும் இல்ல. அவ்வளவு தான். ஸ்கூல் செய்யறது எல்லாமே மதம் ஆகிடாது, மதப் பள்ளிக்கு இருக்குற தனி உரிமை அதோட மதத் தன்மையக் காப்பாத்த, டிஜே பாட்டுப் போடுற ஹாலுக்கு அது எவ்வளவு தூரம் நீளும்னு கேட்டார். 1867ல இருந்த உரிமை அப்படியே இருக்குனு வாதிடலாம், ஆனா 1867ல ஓஷாவால எவன் பிராம் வச்சான், சொல்லுங்க.

அடுத்து தான் எல்லாரும் கோட்டை விடுற விஷயம். அன்னைக்கு வந்தது இறுதித் தீர்ப்பே இல்ல, இடைக்கால உத்தரவு. அதுக்கு கோர்ட் மூணு விஷயம் பாக்கும்: கேஸ்ல சரக்கு இருக்கா, இப்பத் தடுக்கலைனா பின்னாடி ஈடுகட்ட முடியாத நஷ்டம் வருமா, உத்தரவு போட்டா யாருக்கு அதிக பாதிப்பு. ரெண்டாவது கேள்வில தான் பிராம் மாதிரி விஷயம் ஜெயிக்கும். வாழ்க்கைல ஒரு தடவை வர்ற ராத்திரி, மூணு வருஷம் கழிச்சு "நீ சொன்னது சரிப்பா"ன்னு கோர்ட் சொல்லி நஷ்டஈடா காசு கொடுத்தா அந்த ராத்திரி திரும்ப வருமா? அந்தப் பக்கம் போர்டுக்கு என்ன நஷ்டம், ரெண்டு பையனுங்க மத்தவங்களோட சேந்து ஆடினா நாளைக்கு அவங்க வேதம் சொல்லிக் கொடுக்க முடியாமப் போகுமா? இப்படி எடை போட்டுத் தான் மார்க் பாய்ஃப்ரெண்டோட போகலாம்னு உத்தரவு வந்துச்சு. கூடவே இன்னொண்ணும் போட்டார்: போர்டு பிராமையே கேன்சல் பண்ணக் கூடாது. இந்த ரெண்டாவது வரி சும்மா போட்ட வரி இல்ல, அமெரிக்கா கதைக்கு வரும்போது தெரியும்.

பையன் போனான், ஆடினான். மெயின் கேஸ் அப்படியே கிடந்துச்சு. அதுக்குள்ள 2003ல ஒன்டாரியோல தன்பாலினத் திருமணம் சட்டமாச்சு, 2005ல நாடு முழுக்க வந்துச்சு, அதே 2005ல இந்தக் கேஸும் விசாரணை நடக்காமலே கைவிடப்பட்டுச்சு. அதனால "கனடாவுல மதப் பள்ளி தடுக்கக் கூடாதுனு கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு"னு யாராவது சொன்னா பாதி தான் சரி. கோர்ட் ஒரு ராத்திரிக்குப் பதில் சொல்லுச்சு. 93வது பிரிவு பெருசா, 15வது பிரிவு பெருசாங்கற கேள்விக்கு இந்தக் கேஸ்ல முடிவு வரவே இல்ல.

அப்புறம் ஒன்டாரியோல நிலைமைய மாத்தினது பெரும்பாலும் சட்டசபை தான், கூடவே பிள்ளைங்களோட குறும்பும். 2011ல மிசிசாகால ஒரு கத்தோலிக்க ஸ்கூல்ல, ஒரு நிகழ்ச்சிக்கு தன்பாலின ஈர்ப்பாளர்களோட அடையாளமான வானவில் படம் எதுவும் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க, பிள்ளைங்க என்ன பண்ணாங்க, கப்கேக் மாவுலயே வானவில் கலரைக் கலந்து சுட்டுக் கொண்டு வந்துட்டாங்க, கடிச்சா தான் வானவில் தெரியும். அடுத்த வருஷம் 2012ல, தானே கத்தோலிக்கரான பிரீமியர் டால்டன் மெகின்டி அரசு ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, மாணவர்கள் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான கிளப் ஆரம்பிக்கணும்னா எந்த அரசு நிதி ஸ்கூலும், கத்தோலிக்க ஸ்கூல் உள்பட, தடுக்க முடியாது, அந்தக் கிளப் பேர்ல 'கே' (gay)ங்கற வார்த்தை இருந்தாலும் தடுக்க முடியாது. டொரோன்டோ கார்டினல் தாமஸ் காலின்ஸ் வெளிப்படையா எதிர்த்தார், சட்டம் நிறைவேறிடுச்சு. அதுக்காக எல்லாம் சுமுகம்னு நினைச்சுடாதீங்க, 2023ல கூட யார்க் கத்தோலிக்க போர்டு பிரைட் கொடி (அதே வானவில் கொடி) ஏத்த மாட்டோம்னு 6-4ல ஓட்டுப் போட்டுச்சு. கொடிக் கம்பத்துல சண்டை இன்னும் நடக்குது, டான்ஸ் ஹால்ல கொஞ்சம் அடங்கிடுச்சு.

இதையே அமெரிக்காவுக்குக் கொண்டு போனா மொத்தக் கணக்கும் மாறிடும். அங்க கத்தோலிக்க ஸ்கூல், பாப்டிஸ்ட் ஸ்கூல் எல்லாம் பக்கா பிரைவேட். அரசியல் சட்டம் அரசைத் தான் கட்டுப்படுத்தும், பிரைவேட் ஸ்கூலை இல்ல. அதனால அங்க ஜெயிச்ச பிராம் கேஸ்ல நான் சொல்லப் போற ரெண்டுமே அரசுப் பள்ளிக் கேஸ். 1980ல ரோட் ஐலண்ட்ல கம்பர்லண்ட் ஹைஸ்கூல் மாணவன் ஆரன் ஃப்ரிக். பிரின்சிபல் சொன்ன காரணம் மதம் இல்ல, பாதுகாப்பு, நீ ஒரு பையனோட வந்தா மத்தவங்க அடிச்சுடுவாங்கனு. நீதிபதி ரேமன்ட் பெட்டீன், அடிக்கிறவனைக் கட்டுப்படுத்துறது உன் வேலை, அடி வாங்கப் போறவனை வீட்டுல உக்கார வைக்கிறது இல்லங்கற அர்த்தத்துல தீர்ப்பு சொன்னார், பையனோட ஆடப் போறதே ஒரு கருத்து வெளிப்பாடு தான்னு பேச்சுச் சுதந்திரத்துல கொண்டு போய் வச்சார்.

அடுத்தது 2010, மிசிசிப்பில இடவாம்பா கவுன்டி. கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன்ங்கற பொண்ணு கேர்ள்ஃப்ரெண்டோட, அதுவும் டக்ஸ் போட்டுட்டு வரேன்னு கேக்க, ஸ்கூல் நிர்வாகம் பிராமையே கேன்சல் பண்ணிடுச்சு. கோர்ட் அவ உரிமை மீறப்பட்டிருக்குனு ஒத்துக்கிச்சு, ஆனா பிராம் நடத்துனு உத்தரவு போடல, ஏன்னா பெத்தவங்க தனியா ஒண்ணு நடத்துறாங்க, எல்லாரும் வரலாம்னு சொல்லியிருந்தாங்க. இவ போய்ப் பாத்தா ஹால்ல ஏழெட்டு பேரு தான், மீதி மொத்த கிளாசும் வேற எங்கயோ ரகசியமா பிராம் கொண்டாடிட்டு இருக்கு. கல்யாண வீட்டுக்கு மண்டபம் பேரை மாத்திச் சொல்லி அனுப்பின மாதிரி. பின்னாடி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் 35,000 டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிச்சு. ஓஷாவா நீதிபதி எட்டு வருஷம் முன்னாடியே "கேன்சலும் பண்ணக் கூடாது"னு சேத்து எழுதினாரே, அந்த ஓட்டை எவ்வளவு பெருசுனு இதுல தெரியுது.

மதப் பள்ளினா அமெரிக்காவுல கதவு கிட்டத்தட்ட மூடின மாதிரி தான். 2005ல கலிஃபோர்னியால ஒரு லூத்தரன் ஹைஸ்கூல் ரெண்டு பொண்ணுங்களை லெஸ்பியனா இருப்பாங்கங்கற சந்தேகத்துல வெளிய அனுப்பிடுச்சு, டான்ஸ் கூட இல்ல, ஸ்கூல்ல இருந்தே. அந்த மாகாணத்துல பாகுபாட்டுக்கு எதிரா பலமான சட்டம் இருக்கு, ஆனா அது வியாபார நிறுவனங்களுக்கு. மதப் பள்ளி வியாபார நிறுவனம் இல்லைனு 2009ல அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு, முடிஞ்சது. ஃபெடரல் பணம் வாங்கினா வர்ற பாலினப் பாகுபாட்டுச் சட்டத்துலயும், மதக் கொள்கைக்கு ஒத்து வராத இடத்துல மதப் பள்ளிக்கு விலக்கு இருக்கு.

2012ல கென்டக்கில லெக்சிங்டன் கத்தோலிக் ஹைஸ்கூல் பிராமுக்கு ஜோடியா வந்த ரெண்டு பொண்ணுங்களை உள்ள விடல. அவங்க கோர்ட்டுக்குப் போகல. அலங்காரம் கலையாம பார்க்கிங் லாட்லயே ஃப்ரெண்ட்ஸோட ஒரு பிராம் வச்சு ஆடிட்டாங்க. சட்டம் கை கொடுக்காத இடத்துல வேற என்ன பண்றது.

2015ல மெம்ஃபிஸ்ல ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளி போட்ட விதி, விதி எழுதுறவங்க எல்லாரும் படிக்க வேண்டியது. மாணவன் தனியா வரலாம், அதே ஸ்கூல் பையனோட வரலாம், வெளி ஸ்கூல் பொண்ணோட வரலாம், வெளி ஸ்கூல் பையனோட மட்டும் வரக் கூடாது. காரணம் மதம்னு சொல்லல, நடைமுறை வசதிக்காகவாம். உண்மையான காரணத்தை எழுதக் கூச்சப்பட்டா விதி இப்படித் தான் நெளிஞ்சு நெளிஞ்சு போகும். பார்ட்னர்னும் எழுத மாட்டாங்க, டேட்டுனும் எழுத மாட்டாங்க.

ஆஸ்திரேலியா இன்னொரு தினுசு. அங்க பிராமுக்குப் பேரு ஃபார்மல். ஸ்கூல் பிரைவேட், ஆனா அரசுப் பணம் தாராளமா போகுது, மூணுல ஒரு பங்குக்கும் மேல பிள்ளைங்க தனியார் பள்ளில தான் படிக்கிறாங்க, அதுல பெரும்பகுதி மதம் சார்ந்தது. அமெரிக்கா மாதிரி சட்டம் எட்டாமப் போகல, கனடா மாதிரி பழைய பேரமும் இல்ல, சட்டத்துக்குள்ளயே ஒரு கதவு வச்சிருக்காங்க. 1984 பாலினப் பாகுபாட்டுச் சட்டம் 38வது பிரிவு: மதப் பள்ளி நல்லெண்ணத்தோட, அந்த மதத்தைப் பின்பற்றுறவங்க மனசு புண்படாம இருக்க, மாணவர்கள்கிட்ட பாகுபாடு காட்டலாம். 2013ல தான் பாலின ஈர்ப்புங்கறதே அந்தச் சட்டத்துல பாதுகாப்புப் பட்டியல்ல ஏறுச்சு, ஏறின கையோட இந்த விலக்கும் அதுக்குப் பொருந்தும்னு ஆச்சு. அதே 2013ல ஒரு வேடிக்கை பாருங்க, மத்திய அரசுப் பணம் வாங்குற மத அமைப்போட முதியோர் இல்லம் மட்டும் இந்த விலக்கைக் காட்டி தங்குறவங்ககிட்ட பாகுபாடு காட்டக் கூடாதுனு எழுதிட்டாங்க. எண்பது வயசுல பாதுகாப்பு உண்டு, பதினேழு வயசுல கிடையாது. பணம் வாங்கினா விதிக்குக் கட்டுப்படுங்கற தர்க்கம் முதியோர் இல்லத்துக்குச் சரின்னா ஸ்கூலுக்கு ஏன் சரியில்லனு எனக்கு இதுவரைக்கும் யாரும் உருப்படியா சொல்லல.

இதை எடுக்கப் பார்க்காமலும் இல்ல. 2018லயே பிரதமர் ஸ்காட் மாரிசன் மாணவர்களை வெளியேத்த முடியாதபடி திருத்தம் கொண்டு வரேன்னு சொன்னார். 2022 பிப்ரவரில மதப் பாகுபாட்டு மசோதாவோட அது வந்தப்போ அவர் கட்சிக்காரங்களே அஞ்சு பேரு எதிர்த்து ஓட்டுப் போட்டு, இன்னும் விரிவான பாதுகாப்பைச் சேத்துட்டாங்க, அரசு மொத்த மசோதாவையும் ஓரங்கட்டிடுச்சு. 2024 மார்ச்ல சட்டச் சீர்திருத்த ஆணையம் இந்த விலக்கையே தூக்கணும்னு அறிக்கை கொடுத்துச்சு, பிரதமர் அல்பனீசி எதிர்க்கட்சியும் ஒத்துக்கிட்டா பாக்கலாம்னார், எதிர்க்கட்சி எப்ப ஒத்துக்கிச்சு.

மாகாணத்துக்கு மாகாணம் வேற நிலைமைங்கறது தான் அங்க பெரிய குழப்பம். டாஸ்மேனியால 1998 சட்டப்படியே மதப் பள்ளி இந்தக் காரணத்துக்காக மாணவனைப் பாகுபடுத்த முடியாது, அங்க மதப் பள்ளிங்க ஒண்ணும் மூடிட்டுப் போயிடல. விக்டோரியால 2010ல மெல்போர்ன் பெண்கள் பள்ளி ஒண்ணு ஃபார்மலுக்கு பார்ட்னர் பையனா தான் இருக்கணும்னு சொல்லிப் பெரிய சர்ச்சை ஆச்சு, 2021ல அந்த மாகாணம் சட்டத்தை இறுக்கிடுச்சு. நியூ சவுத் வேல்ஸ்ல தலைகீழ், 1977 சட்டத்துல மதப் பள்ளினு இல்ல, எல்லா தனியார் பள்ளிக்குமே விலக்கு. 2024ல சிட்னி கிங்ஸ்குரோவ்ல ஒரு கத்தோலிக்க பெண்கள் பள்ளி தன்பாலின பார்ட்னர் கூடாதுனு சொன்னப்போ சட்டம் ஸ்கூல் பக்கம் தான் சாஞ்சிருந்துச்சு. ஆனா ஆன்லைன் மனுல ஆயிரக்கணக்குல கையெழுத்து விழுந்ததும் ஸ்கூல் பின்வாங்கிடுச்சு. சட்டப்படி முடியுங்கறதுக்காக எல்லாத்தையும் செஞ்சுட முடியாது, ஃபீஸ் கட்டுற பெத்தவங்க இருக்காங்கல்ல.

பிரிட்டன் இதுல ரொம்ப நேரடி. 2010 சமத்துவச் சட்டப்படி மதப் பள்ளி தன் மதத்துக்காரங்களுக்கு அட்மிஷன்ல முன்னுரிமை கொடுக்கலாம், பாடத்துல என்ன சொல்லிக் கொடுக்கணும்ங்கறதுல சட்டம் தலையிடாது, ஆனா பாலின ஈர்ப்பை வச்சு மாணவனை ஒதுக்க விலக்கே இல்ல, ஃபீஸ் வாங்குற பிரைவேட் ஸ்கூலா இருந்தாலும் சரி. பாடம் வேற, பிள்ளைய நடத்துற விதம் வேறனு கோடு போட்டுட்டாங்க. ஓஷாவால மெக்கின்னன் பிராமைப் பாத்து, இது வழிபாடும் இல்ல படிப்பும் இல்லன்னாரே, அந்தக் கோடு தான் இது.

மதப் பள்ளிங்க பக்கம் நியாயமே இல்லைனு நான் சொல்லல. ஒரு சமூகம் தன் நம்பிக்கைப்படி பிள்ளைங்களை வளக்க ஒரு இடம் வேணும்னு கேக்குறது சின்ன விஷயம் இல்ல, ஈழத்துல இருந்து வந்து ஸ்கார்பரோ பேஸ்மென்ட்ல தமிழ் வகுப்பு நடத்தினவங்களுக்கு அது நல்லாவே புரியும். ஆனா பிராம்ல போதனைய யார்கிட்ட சோதிக்கிறாங்கனு பாக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணா இருக்கறதும் அதே சர்ச் கணக்குல பாவம் தான், ஆனா பையனும் பொண்ணும் கைகோத்து வந்தா எந்த வாசல்லயும் நிறுத்தி "நீங்க ரெண்டு பேரும் எப்படி"னு கேட்டதா நான் கேள்விப்பட்டதில்ல. நம்பிக்கை ஒரு ஜோடிக்கு மட்டும் முழிச்சுக்கிட்டா அது நம்பிக்கையானு சந்தேகம் வர்றது இயல்பு.

அக்கா மக ஃபார்மை எடுத்து மறுபடி பாத்தேன். கீழ சின்ன எழுத்துல, வர்ற கெஸ்ட் 21 வயசுக்குக் கீழ இருக்கணும்னு இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "எதுக்கு மாமா சிரிக்கிறீங்க"ன்னா. 2002ல மார்க் ஹாலோட பாய்ஃப்ரெண்டுக்கு வயசு 21. இன்னைக்கு இந்த ஃபார்மைக் கொண்டு போயிருந்தா பையனாங்கறதுல பிரச்சனை வந்திருக்காது, பிறந்த தேதில தான் திருப்பி அனுப்பியிருப்பாங்க.